மஞ்சளா, நீலமா?

சென்னைக் கோஷ்டியும் கேரளக் கோஷ்டியும் கால்பந்துத் திடலில் எதிர்ப்படும் நாள் நெருங்குந்தோறும், கொச்சியில் வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு வழக்கு எழுகின்றது. நீதிமன்றம் ஏறாத வழக்குத்தான். ஆயினும் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. தந்தை மதுரையிலோ தஞ்சையிலோ பிறந்து, பிழைப்பின் பொருட்டு மட்டாஞ்சேரிக்கு வந்தவர். மகன் பிறந்ததும் பள்ளியில் படித்ததும் இங்கேயே. தந்தை நீலச் சட்டையணிந்த சென்னையின் வெற்றியை விரும்புகிறார். மகனோ மஞ்சள் சட்டை அணிந்து வாசற்படியில் நிற்கிறான். "நீ தமிழன் அல்லவா, தம்பி?" என்கிறார் தந்தை. "தமிழன்தான் அப்பா, ஆனால் இது என் ஊர் அல்லவா?" என்கிறான் மகன். இருவர் கூற்றிலும் பிழையில்லை. அதனாலேயே வழக்கு முடிவதில்லை.

இதனை வெறும் விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிள்ளை எந்தக் கோஷ்டிக்குக் கைதட்டுகிறான் என்பதில், அவன் எந்த மண்ணைத் தன்னுடையதாகக் கொள்கிறான் என்ற வினாவும் அடங்கியுள்ளது. வேற்று மாநிலத்தில் குடியேறிய பெற்றோர்க்கு அந்த வினா நெஞ்சில் தைப்பதே இயல்பு. ஆதலின், அடுத்த பந்தயத்தைக் காண நம் அன்பர்கள் குடும்பத்தோடு புறப்படுமுன், இவ்விரு கோஷ்டிகளின் பழங்கணக்கையும், இரு நாட்டுக் கால்பந்தும் ஒன்றுக்கொன்று கொடுத்துக் கொண்டவற்றையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இரண்டு கோஷ்டிகளும் 2014ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது பிறந்தவை. கொச்சிக் கோஷ்டியின் பெயர் கேரளா பிளாஸ்டர்ஸ். கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர் அதன் உரிமையாளர்களுள் ஒருவராக இருந்து தொடங்கிவைத்தார். அவருக்கு வழங்கிய பட்டப்பெயரிலிருந்தே கோஷ்டிக்கும் பெயர் வந்தது. மற்றையதன் பெயர் சென்னையின் எஃப்.சி. இப்பெயரைக் கண்டு நம்மவருள் பலர் முதலில் திகைத்தனர். "சென்னையின்" என்றால் சென்னையின் எது? ஆறாம் வேற்றுமை உருபு நிற்கிறது. அது தழுவ வேண்டிய பெயர்ச்சொல் வரவில்லையே என்று தமிழாசிரியர் கேட்பது நியாயமே. ஆங்கிலச் சுருக்கமாகிய எஃப்.சி. அந்த இடத்தை நிரப்புகிறது என்று சமாதானம் கொள்ளலாம். எவ்வாறாயினும், இந்தியத் தொழில்முறைக் கால்பந்தில் தமிழ் வேற்றுமை உருபோடு நடமாடும் கோஷ்டி இது ஒன்றே போலும்!

முதலாண்டிலேயே இவ்விரு கோஷ்டிகளுக்கும் இடையே நிகழ்ந்த போட்டியை நேரில் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு லீக் பந்தயங்களின் முடிவில் சென்னை 23 புள்ளிகளோடு முதலிடத்தில் நின்றது. கேரளம் 19 புள்ளிகளோடு நான்காம் இடம். லீக்கில் இருமுறை சந்தித்தபோதும் சென்னையே வென்றிருந்தது. சென்னைக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் விளங்கியவர் மார்க்கோ மட்டெராட்ஸி. 2006இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலியக் கோஷ்டியின் பின்காவலர். கேரளத்துக்கு அதே இரட்டைப் பொறுப்பை ஏற்றவர் இங்கிலாந்தின் பழைய கோல் காவலர் டேவிட் ஜேம்ஸ். அரை இறுதியில் இவ்விருவர் கோஷ்டிகளும் மோதின. இரண்டு பந்தயங்கள், ஒன்று கொச்சியில், மற்றொன்று சென்னையில். இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டி, மிகுதியாகப் பெற்றவரே இறுதிப் பந்தயத்துக்குச் செல்வர்.

டிசம்பர் 13ஆம் தேதி கலூர்த் திடலில் முதற்பந்தயம். முதற்பாதி முடியுமுன்பே இஷ்ஃபாக் அகமதுவும், கனடா நாட்டு இயான் ஹியூமும் இரு நிமிஷ இடைவெளியில் கேரளத்துக்காகக் கோல் அடித்தனர். ஆட்டம் முடியுந்தறுவாயில், சுஷாந்த் மாத்யூ தொலைவிலிருந்து வளைத்தடித்த பந்து வலைக்குள் விழுந்தது. கேரளம் 3, சென்னை 0. எர்ணாகுளம் நகரமே ஆர்ப்பரித்தது. மூன்று கோல் முன்னணியோடு சென்னைக்குச் செல்வோர் தோற்பதாவது என்றே யாவரும் எண்ணினர்.

மூன்று நாள் கழித்து, 16ஆம் தேதி, சென்னை நேரு விளையாட்டரங்கில் எண்ணம் தலைகீழாயிற்று. ஆட்டம் அரைமணி நேரம் ஆகுமுன்பே கேரளத்தின் ஜேமி மெக்காலிஸ்டர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பத்துப் பேரோடு கேரளம் போராட வேண்டியதாயிற்று. இடைவேளைக்குச் சற்று முன் பிரெஞ்சு வீரர் மிக்கேல் சில்வெஸ்டர் சென்னையின் முதற்கோலை அடித்தார். பிற்பாதியில் கேரளத்தின் இளம் பின்காவலர் சந்தேஷ் ஜிங்கன் தம் கோலிலேயே பந்தைச் செலுத்தும்படி நேர்ந்தது. இன்னும் ஒன்று தேவை. நேரம் முடியும் வேளையில், மிசோரத்து ஜேஜே அதையும் அடித்தார்! மூன்று கோல் முன்னணி முற்றிலும் கரைந்தது. அதிகப்படி நேரம் அரைமணி. அதில் மட்டெராட்ஸியும் வெளியேற்றப்பட்டார். பெனால்டி உதைகள்தாம் இனி முடிவு சொல்லும் என்று எல்லாரும் காத்திருக்கையில், 117ஆம் நிமிஷத்தில் ஸ்காத்லாந்து வீரர் ஸ்டீபன் பியர்சன் கேரளத்துக்காக ஒரு கோல் போட்டார். கூட்டிப் பார்த்தால் நாலுக்கு மூன்று. அன்று அத்திடலில் வென்றது சென்னை. இறுதிப் பந்தயத்துக்குச் சென்றது கேரளம்.

அன்றிரவு தமிழர் வீடுகளில் யார் அழுதார், யார் சிரித்தார் என்று கேட்டால் விடை வீட்டுக்கு வீடு மாறும். ஒரே வீட்டில் இரண்டும் நிகழ்ந்திருக்கும். கேரளம் அவ்வாண்டு இறுதியில் கல்கத்தாவிடம் கடைசி நிமிஷங்களில் ஒரே கோலில் தோற்றது. 2016இல் இதே கலூரில் மீண்டும் கல்கத்தாவிடம் பெனால்டி உதைகளில் தோற்றது; 2022இல் கோவாவில் ஹைதராபாத்திடம் அதே முறையில் தோற்றது. மும்முறை கோப்பையின் அருகே சென்று மும்முறையும் வெறுங்கையோடு திரும்பிற்று. சென்னையோ 2015இல் கோவாவையும், 2018இல் பெங்களூரையும் 3–2 என்ற கணக்கில் வென்று இருமுறை கோப்பையைக் கொண்டுவந்தது. 2020இல் ஓர் இறுதிப் பந்தயத்தில் தோற்றது. கோப்பையை எண்ணினால் நீலம் உயர்ந்தது. கூட்டத்தை எண்ணினால் மஞ்சளுக்கு நிகரில்லை. தோற்றுத் தோற்றும் திடலை நிறைக்கும் ரசிகர் கூட்டத்தை மதியாமல் இருக்க இயலாது. இதில் நாம் பட்சபாதம் காட்டுவதாக நீலக் கட்சியார் கோபித்துக்கொள்ள வேண்டா.

லீக் பந்தயங்களில் இவ்விரு கோஷ்டிகளும் சந்திக்கும்போது கோலுக்குப் பஞ்சம் இருப்பது அரிது. 2020 பிப்ரவரி முதல் தேதி கொச்சியில் ஒன்பது கோல்கள் விழுந்தன. இடைவேளைக்குள் சென்னை மூன்று போட்டது. பிற்பாதியில் நைஜீரியரான ஓக்பெச்சே தனியொருவராக மூன்று அடித்தும், சென்னையே 6–3 என வென்றது. 2023 நவம்பர் 29இல் இங்கேயே மூன்றுக்கு மூன்று. முதல் நிமிஷத்திலேயே சென்னையின் ரஹீம் அலி கோல் அடிக்க, தாமதமாக வந்து இருக்கை தேடியவர்கள் அதனைக் காணாமலே போயினர். ஆதலின் நேரத்தோடு செல்க என்பது நம் முதல் அறிவுரை. மறு ஆண்டு நவம்பரில் கேரளம் 3–0 என வென்று பழைய கடனைத் தீர்த்துக்கொண்டது.

இனி, இவ்வூரில் முன்பொரு பட்டத்துக்காக நடந்த பந்தயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலூர்த் திடல் எழுப்பப்படுமுன் எர்ணாகுளத்துக் கால்பந்தின் தலைமைப் பீடமாய் விளங்கியது மகாராஜாஸ் கல்லூரித் திடல். அக்கல்லூரி 1875இல் கல்லூரியாக உயர்ந்தது. அதே 1875இல்தான் அமெரிக்காவில் ஹார்வார்டு, யேல் என்னும் கல்லூரிகள் தம் முதற் கால்பந்துப் பந்தயத்தை ஆடின. (அங்கே கால்பந்து என்று பெயர், பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள்!) அவ்விரு கல்லூரிப் பழைய மாணவர் குடும்பங்களிலும், தந்தை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி என்பது நெடுநாள் வழக்கம். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் பந்தயத்தை "வடக்கின் பெரும் சமர்" என்றே தமிழர் அழைக்கின்றனர். சம்பந்திகள் எதிரெதிர்ப் பந்தலில் அமர்வதை அங்கே எவரும் குடும்பச் சண்டையாகக் கருதுவதில்லை.

நம் மகாராஜாஸ் திடலுக்கு வருவோம். 1973 டிசம்பர் 27. சந்தோஷ் கோப்பையின் இறுதிப் பந்தயம். மாநிலங்களுக்கிடையே நடைபெறும் அக்கோப்பையைக் கேரளம் அதுவரை ஒருமுறையேனும் வென்றதில்லை. எதிர்த்து நின்றது ரயில்வே கோஷ்டி. கேரளத்தின் தலைவர் டி.கே.எஸ். மணி. பெயரைக் கேட்டு அவரைத் தமிழர் என்று எண்ணுவோர் உண்டு, அவர் கண்ணூர்க்காரர். அன்று கேரளம் அடித்த கோல்கள் மூன்று. மூன்றையும் அடித்தவர் அவரே. ரயில்வே இரண்டு அடித்தது. அந்நாள் முதல் 2017இல் கொச்சியில் மறையுமட்டும் அவர் "காப்டன் மணி"யாகவே வாழ்ந்தார்.

இவ்வளவும் கேரளத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. நம் அன்பர்களுள் பலர் அறியாதது ஒன்று உண்டு. அவ்வெற்றிக் கோஷ்டியைப் பழக்கிய பயிற்சியாளர் தமிழர். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியில் இடம்பெற்றவர் அவர். கால்பந்தில் இந்தியா ஒலிம்பிக்கில் ஆடியது அதுவே கடைசி முறை. அத்தகைய அனுபவம் வாய்ந்த ஒருவர், தம் மாநிலம் அல்லாத ஒரு மாநிலத்துக்கு, அது நெடுங்காலம் ஏங்கியிருந்த முதற்கோப்பையைத் தேடித் தந்தார். அது நிகழ்ந்தது நம் வீடுகளிலிருந்து காயலைத் தாண்டினால் எட்டும் ஒரு கல்லூரித் திடலில். சென்ற தலைமுறையில் கொச்சிக்கு வந்த தமிழர் பலரும் இவ்வாறுதான் உழைத்தனர்: கணக்கெழுதினர், கடை வைத்தனர், துணி வெளுத்தனர், பேர் வேறொருவருக்குச் சேர்ந்தது. சுந்தரராஜின் பெயரையேனும் நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.

இத்தகையோர் இன்னும் உளர். கொச்சியில் 1997இல் எஃப்.சி. கொச்சின் என்னும் தொழில்முறைக் கோஷ்டி தொடங்கப்பட்டு, அவ்வாண்டே மோஹன் பகானை 3–1 என வென்று டூரண்டு கோப்பையைப் பெற்றது. அடுத்து நடந்த 1997–98 தேசிய லீக்கில் யாவரினும் மிகுதியாகப் பத்து கோல்கள் அடித்தவர், கொச்சின் சட்டையணிந்த ராமன் விஜயன், அவரும் தமிழ்நாட்டவரே. அக்கோஷ்டியிலேயே கேரளத்தின் புகழ்பெற்ற ஐ.எம். விஜயனும் ஆடியமையால், ஒரு விஜயனுக்கு விழுந்த கைதட்டலை மற்றொரு விஜயன் பெற்றுக்கொண்ட நாள்களும் இருந்திருக்கும்.

மறுபுறமும் பார்க்க வேண்டும். 1992இல் கேரளம் தன் இரண்டாவது சந்தோஷ் கோப்பையை வென்றது எங்கே? கோயம்புத்தூரில், கோவாவை 3–0 என்று முறியடித்து. அன்று கோப்பையை ஏந்திய தலைவர் வி.பி. சத்தியன் பின்னர்ச் சென்னையில் இந்தியன் வங்கிக் கோஷ்டிக்கு ஆடினார். 2006இல் அவர் வாழ்வு முடிந்ததும் சென்னையிலேதான். இந்தியாவின் தலைவராக இருந்த ஒருவருக்கு நேர்ந்த அம்முடிவு இரு மாநிலத்து ரசிகர்களுக்கும் ஆறாத் துயரம். அண்மைக் காலத்தில், முகம்மது ராஃபி 2016 இறுதிப் பந்தயத்தில் கேரளத்தின் ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டார். 2018இல் கோப்பை வென்ற சென்னைக் கோஷ்டியில் அவர் இருந்தார். கண்ணூர் சி.கே. வினீத், கேரள ரசிகர்களின் செல்லப்பிள்ளை, 2019 ஜனவரியில் சென்னைக்கு ஆடச் சென்றார். இவர்களையெல்லாம் எந்த நிறத்துக் கணக்கில் எழுதுவது?

கன்னியாகுமரிக் கடற்கரை நிலையோ இன்னும் சிக்கலானது. 1956 நவம்பர் முதல் தேதிவரை அது திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது, அதன்பின் தமிழ்நாடு. மீன்பிடிக்கும் அவ்வூர்களில் மாலையில் மணலில் பந்து உருளாத நாள் இல்லை. அங்கிருந்து எழுந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி கோஷ்டியில் பெயர் பெற்று, பின்னர்ப் பல கோஷ்டிகளில் ஆடியவர். எல்லைக்கோடு மாறினாலும் அவ்வூரார் பந்தை உதைக்கும் விதம் மாறவில்லை.

பட்டம் ஒன்று தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒரே மாலையில் பிணைத்த நாளையும் இங்கே குறிக்காமல் இருக்கலாகாது. 2019 மார்ச் 9. ஐ-லீக் போட்டியின் கடைசி நாள். கோயம்புத்தூரில் சென்னை சிட்டி, பஞ்சாபின் மினர்வாவோடு ஆடியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலோடு ஆடியது. சென்னை சிட்டி வென்றால் பட்டம் அதற்கே. தவறி, ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கல்கத்தா செல்லும். கோவையில் மூன்றாம் நிமிஷத்திலேயே மினர்வா பெனால்டியில் கோல் போட்டுவிட்டது. கோழிக்கோட்டிலோ கோகுலம் முதலில் கோல் அடித்தது. அன்று கோவை மக்கள் கண்ணால் ஒரு பந்தயத்தையும், கைப்பேசி வாயிலாக மற்றொன்றையும் தொடர்ந்தனர். மலையாளிகளின் கோஷ்டி வெல்ல வேண்டுமென்று தமிழ்நாடு வேண்டிக்கொண்டது! கோகுலம் முடிவில் 1–2 எனத் தோற்றது. ஆயினும் கோவையில் பெட்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்ய, பின்காவலர் கௌரவ் போரா இரண்டு அடிக்க, 3–1 என வென்று 43 புள்ளிகளோடு சென்னை சிட்டி பட்டம் சூடியது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி.

ஆகவே தந்தையர்க்கு ஒன்று சொல்வோம். பிள்ளை மஞ்சள் சட்டை போட்டதனால் தமிழ் போய்விடாது. கோட்டைக் கொச்சி வேளியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் டச்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் என்பர். அத்தனை தலைமுறை இங்கே வாழ்ந்தவர்கள் கொச்சிக்குக் கைதட்டினால் அது துரோகமா? பிள்ளை எந்தக் கோஷ்டிக்காக வாதிடுகிறான் என்பதைவிட, எந்த மொழியில் வாதிடுகிறான் என்பதைக் கவனியுங்கள். மஞ்சளுக்காகத் தமிழில் மணிக்கணக்காய்ச் சண்டையிடும் மகன், நீலத்துக்காக ஆங்கிலத்தில் கூச்சலிடும் மகனைவிட நம் சங்கத்துக்கு நெருங்கியவன். பிள்ளைகளுக்கும் ஒன்று: சென்னை கோல் அடிக்கையில் அப்பா எழுந்து நின்றால், நண்பர்கள் முன் வெட்கப்பட்டு அவர் கையைப் பிடித்து அமர்த்தாதீர்கள். ஆண்டில் ஓரிரு மாலைகள்தாம் அவர் தம் ஊரின் பெயரை ஆயிரக்கணக்கானோர் நடுவே உரக்கச் சொல்கிறார்.

பந்தயம் காணச் செல்வோர்க்குச் சில குறிப்புகள். கொச்சி, சென்னை, கோவை மூன்றிடத்துப் பெருந்திடல்களும் நேருவின் பெயரையே தாங்கியவை. ஆதலால் சீட்டு வாங்குகையில் ஊரின் பெயரையும் பார்த்துக்கொள்க. கோஷ்டிகள் திடல் மாற்றிக்கொள்வதும் உண்டு. பந்தயம் கலூரில் என்றால் வழி எளிது. மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது. அதில் ஏறி உயர்நீதிமன்றத் துறையில் இறங்கி, மெட்ரோ ரயிலைப் பிடிக்கலாம். மகாராஜாஸ் கல்லூரி நிலையத்தில் ஏறுவோர்க்கு எம்.ஜி. சாலை, லிஸி, டவுன் ஹால், கலூர் ஆகியவற்றைக் கடந்து ஐந்தாவதாக வருவது திடல் நிலையம். 1973இல் மணி ஆடிய இடத்திலிருந்து, 2014இல் ஹியூம் ஆடிய இடத்துக்குச் சில நிமிஷப் பயணம்தான். சைமன் சுந்தரராஜைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்ல அந்நேரம் போதும்.

நீலச் சட்டை அணிந்து செல்வோர் விருந்தினர் பகுதிக்கே சீட்டு வாங்குவது நலம். மஞ்சள் ரசிகர்கள் அன்பானவர்களே. ஆயினும் மேளச் சத்தத்தின் நடுவே பெரியவர்களுக்குத் தலைவலி உறுதி. குழந்தைகளோடு செல்வோர் பந்தயம் முடிந்தவுடன் வாயிலுக்கு விரையாமல், கூட்டம் சற்றுக் கலையும்வரை இருக்கையிலேயே அமர்ந்திருக்க வேண்டும். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். கடைசிப் படகின் நேரத்தைப் போகும்போதே துறையில் விசாரித்துக்கொள்க. அது தவறினால் தேவரை வழியாகப் பாலம் கடந்து, தோப்பும்படி சுற்றித்தான் மட்டாஞ்சேரி வந்துசேர வேண்டும். மஞ்சளும் நீலமும் ஒரே ஆட்டோவில், கூலியைப் பாதிப்பாதியாகக் கொடுத்து.